அலமாரிக்கு இடம் தேடியபோது

கடலூர் மாவட்டத்துக் கிராமப்புற அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணிதப் பட்டதாரி ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். ஆறாம் வகுப்புக்கு விகிதமும் விகிதசமமும் நடத்தும்போது நான் செய்த ஒரு தவற்றையும், அதை ஒரு மாணவன் திருத்திய விதத்தையும் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அது எங்கள் வீட்டில் புத்தக அலமாரிக்கு இடம் தேடியதில் தொடங்கியது.

எங்கள் வீட்டில் ஏறத்தாழ அறுநூறு புத்தகங்கள் இருக்கின்றன. ஒரு காலத்தில் அவை பின்னறையில் சுவரோரம் அடுக்கப்பட்டிருந்தன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது பின்னறை ஜன்னல் கதவு பெயர்ந்து விழுந்தது. நனைந்த புத்தகங்களை ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து வெயிலில் உலர்த்திய நாள்களை மறக்க முடியாது. அந்தப் பயத்தில் மிஞ்சியவற்றை அட்டைப்பெட்டிகளில் கட்டிப் பரணில் ஏற்றினோம். ஈரத்திலிருந்து அவை தப்பின. ஆனால் யாரும் படிக்கவும் இல்லை. என் மகள் ஒன்பதாம் வகுப்பு வந்துவிட்டாள். வீட்டில் என்னென்ன புத்தகங்கள் இருக்கின்றன என்றே அவளுக்குத் தெரியாது. அதனால்தான் சென்ற மே மாதம் இரண்டு அலமாரிகள் செய்வதென்று முடிவெடுத்தோம்.

முதலில் கணக்கு

எத்தனை அடி அலமாரி வேண்டும் என்று ஆசாரி கேட்டார். கணித ஆசிரியருக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கி, கைக்கு வந்த பத்துப் புத்தகங்களை வரிசையாக நிறுத்தி அளந்தேன். 15 செ.மீ. வந்தது. ஒரு புத்தகத்துக்குச் சராசரி ஒன்றரை செ.மீ. என்றால் 600 புத்தகங்களுக்கு 900 செ.மீ. வேண்டும். அதே பத்துப் புத்தகங்களை மளிகைத் தராசில் வைத்தேன். 3 கிலோ. மொத்தம் 180 கிலோ.

நான்கு அடி அகலத்தில் ஒரே அலமாரியாகச் செய்யலாம் என்பது என் எண்ணம். ஆசாரி ஒத்துக்கொள்ளவில்லை. "நாலு அடி பலகை ரெண்டு வருஷத்துல தொட்டில் மாதிரி தொங்கிடும்மா. மூணு அடிக்கு மேல போகாதீங்க" என்றார். பிறகு பார்த்தால் இயற்பியலும் அதையேதான் சொல்கிறது. பலகை முழுவதும் ஒரே சீராகப் புத்தகம் நிரம்பியிருந்தால், நடுவில் ஏற்படும் தொய்வு பலகை நீளத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப அதிகரிக்கும். மூன்றடியை நான்கடியாக்கினால் நீளம் கூடுவது மூன்றில் ஒரு பங்குதான். தொய்வோ மூன்று மடங்குக்கும் மேலாகிவிடுகிறது. அனுபவத்தில் அவர் கண்டறிந்ததை நான் அடுக்குக்குறியில் எழுதிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

ஆக, மூன்றடி அகலம், ஆறடி உயரம், ஓரடி ஆழத்தில் இரண்டு அலமாரிகள். பலகையின் கனம் 1.8 செ.மீ. பக்கப் பலகைகள் போக உள் அகலம் 88 செ.மீ. கிடைத்தது. உயரத்தையும் கணக்கிட்டோம். தரையைக் கழுவும்போது நீர் படாமலிருக்க அடியில் 15 செ.மீ. விட்டோம். பெரிய புத்தகங்களுக்கு 30 செ.மீ. உயரத்தில் ஓர் அடுக்கு, மற்றவற்றுக்கு 25 செ.மீ. வீதம் ஐந்து அடுக்குகள், ஏழு பலகைகளின் கனம் 12.6 செ.மீ. எல்லாம் சேர்த்து 182.6 செ.மீ. ஆறடி என்பது ஏறக்குறைய 183 செ.மீ. சரியாகப் பொருந்தியது. இரண்டு அலமாரிகளிலும் சேர்த்துப் பன்னிரண்டு அடுக்குகள், மொத்தம் 1056 செ.மீ. இருக்கும் புத்தகங்கள் போக இன்னும் நூறு புத்தகங்களுக்கு இடமிருந்தது.

பிறகு இடம்

எங்கள் ஹால் 12 அடிக்கு 10 அடி. கிழக்கே தெரு. அந்தச் சுவரில் வாசல் கதவும் ஒரு ஜன்னலும் இருக்கின்றன. வடக்குச் சுவரில் உள்ளறைக் கதவுகள் இரண்டு. மேற்கே தொலைக்காட்சி. மிஞ்சியது 12 அடித் தெற்குச் சுவர் மட்டுமே. அதன் மேற்குப் பாதியில் ஒரு திவான் கிடந்தது. கிழக்குப் பாதியில், ஜன்னலை ஒட்டிய மூலையில், என் மாமியாரின் சாய்வு நாற்காலி இருந்தது.

வரைபடத்தாளில் 1:20 என்ற அளவையில் ஹாலை வரைந்தேன். சுவர்களையும் கதவுகளையும் பேனாவால் போட்டேன். கதவு திறக்கும் வட்டத்தைக் கவராயத்தால் குறித்தேன். அசைக்கக்கூடிய பொருள்களைப் பழைய காலண்டர் அட்டையில் அதே அளவையில் வெட்டி, தாளின் மேல் நகர்த்திப் பார்த்தேன். சிறிது நேரத்திலேயே விடை கிடைத்துவிட்டது. சாய்வு நாற்காலியைச் சமையலறைக் கதவுப் பக்கம் நகர்த்தினால் தெற்குச் சுவரில் ஆறடி இடம் கிடைக்கும். மூன்றும் மூன்றும் ஆறு.

அலமாரிகள் வந்தன. நாற்காலி நகர்ந்தது. "இங்க போட்டிருக்கோம் அத்தை" என்று சொன்னேன். "சரிம்மா" என்றார். கேட்கவில்லை, சொன்னேன். அப்போது அந்த வேறுபாடு எனக்குப் புலப்படவில்லை. சில நாள்களில் அத்தை மாலை நேரத்தில் வாசற்படியில் உட்கார ஆரம்பித்தார். காற்றுக்காக உட்காருகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வகுப்பறையில் ஒரு வெற்றுத்தாள்

பள்ளி திறந்து ஜூலையில் விகிதம் பாடம் வந்தது. வீட்டில் செய்ததையே வகுப்பில் செய்தால் என்ன என்று தோன்றியது. என் தாளையும் அட்டைகளையும் கொண்டுபோய்க் காட்டினேன். பிள்ளைகளுக்கு அந்த அட்டைகள் மிகவும் பிடித்துப்போயின. "உங்கள் வீட்டை அளந்து வரைந்து, புத்தகம் வைக்க ஓர் இடம் கண்டுபிடித்து வாருங்கள்" என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன்.

மறுநாள் தாள்களைப் பார்த்தேன். ஒரு மாணவி மாடிப்படியுடன் ஒரு வீடு வரைந்திருந்தாள். அவள் வீட்டில் மாடி கிடையாது என்பது எனக்குத் தெரியும். இரண்டு பேர் என் ஹாலையே வரைந்திருந்தார்கள். ஒரு மாணவன் வெற்றுத்தாளை மடித்துக் கொடுத்திருந்தான். அவன் பெற்றோர் முந்திரித் தோப்பில் கூலி வேலை செய்பவர்கள். கணக்கில் கெட்டிக்காரன். வீட்டுப்பாடம் செய்யாமல் வருபவன் அல்ல.

மற்றவர்கள் முன்னால் கேட்கவில்லை. உணவு இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டு, "அளக்க டேப் கிடைக்கலையாப்பா?" என்றேன்.

"அளந்தேன் டீச்சர். எங்க வீட்ல ஒரே ரூம்தான். எதை எங்க வரையறதுன்னு தெரியல. காலையில அம்மா சமைக்கிற இடத்துலதான் நைட்டு தங்கச்சி படுக்கும். எல்லாம் மாறிக்கிட்டே இருக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. நான் கொடுத்த வீட்டுப்பாடம் ஹால், படுக்கையறை, சமையலறை என்று பிரிந்த ஒரு வீட்டை மனத்தில் வைத்துக் கொடுத்தது. அப்படி வீடில்லாத பிள்ளை என்ன செய்யும்? பொய்யாக வரையும், அல்லது வெற்றுத்தாள் கொடுக்கும். மாடி வரைந்த மாணவியும் இந்த மாணவனும் ஒரே காரணத்தால்தான் தவித்திருக்கிறார்கள்.

ஆனால் அவன் சொன்னதில் வேறொன்றும் இருந்தது. என் தாளில் ஹால் அசையாமல் கிடந்தது. அவன் அறை மணிக்கு மணி மாறிக்கொண்டிருந்தது. இரண்டில் எது கடினமான கணக்கு? அவனுடையதுதான்.

"அப்படின்னா ஒரு படம் போதாதுப்பா. மூணு படம் போடு. காலை ஏழு மணி, சாயங்காலம் அஞ்சு மணி, ராத்திரி பத்து மணி" என்றேன். மறுநாள் மூன்று படங்களும் வந்தன. மூன்றிலும் யாரும் புழங்காத இடம் ஒன்றே ஒன்றுதான். கதவுக்கு மேலே, அவன் அப்பா கைக்கு எட்டும் உயரத்தில், இரண்டடி அகலச் சுவர். அங்கே ஒரு சிறு பலகை அடிக்கலாம் என்று எழுதியிருந்தான். கீழே, "எனக்கு எட்டாது, ஸ்டூல் வேணும்" என்றும் ஒரு குறிப்பு.

என் ஹாலுக்கு மூன்று படங்கள்

அன்றிரவு என் ஹாலையும் மூன்று வேளைக்கும் வரைந்து பார்த்தேன். இம்முறை பொருள்களோடு ஆட்களையும் குறித்தேன். காலை ஏழு மணிக்கு யார் எங்கே, மாலை ஐந்து மணிக்கு யார் எங்கே என்று யோசித்தபோது, மாலை ஐந்து மணிக்கு அத்தை எங்கே என்று எழுத வேண்டியிருந்தது. மகளிடம் கேட்டேன்.

"வாசப்படியிலதான்மா. முன்னாடி ஜன்னல்கிட்ட உக்காந்து கீரை ஆய்ஞ்சுக்கிட்டே தெருவைப் பாத்துட்டிருப்பாங்க. இப்ப உள்ள இருந்தா தெரு தெரியாதில்ல. படியில கால் மடக்கி உக்கார முடியலன்னு சொன்னாங்க."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலையே."

முட்டிவலியோடு இரண்டு மாதம். என் தாளில் அது ஓர் அட்டைத்துண்டு நகர்ந்த கதை மட்டுமே.

பிறகுதான் திவானைக் கவனித்தேன். மூன்று படங்களிலும் அதன்மேல் ஆளே இல்லை. மடிக்காத துணிகளே எந்நேரமும் கிடந்தன. ஆறடிக்கு இரண்டரை அடி, பதினைந்து சதுர அடி. ஹாலில் அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருந்த பொருள் அதுதான். அப்படியிருக்க மே மாதம் அது ஏன் என் கண்ணில் படவில்லை? பழைய தாளை எடுத்துப் பார்த்தேன். திவானுக்கு நான் அட்டையே வெட்டவில்லை. சுவரோடு சேர்த்துப் பேனாவால் வரைந்திருந்தேன். அது என் அம்மா வீட்டுச் சீர். என்னுடையதை அசையாச் சொத்தாகவும் அத்தையுடையதை அசையும் பொருளாகவும் நான் முடிவு செய்துவிட்டுத்தான் அளவெடுக்கவே உட்கார்ந்திருக்கிறேன். அளவில் ஒரு பிழையும் இல்லை. பிழை அளப்பதற்கு முன்பே நடந்துவிட்டது.

திவானைத் தம்பி வீட்டுக்கு அனுப்பினேன். வண்டியில் ஏற்றும்போது மனம் கனக்கத்தான் செய்தது. அலமாரிகள் இரண்டும் தெற்குச் சுவரின் மேற்குப் பாதிக்குப் போயின. அவற்றுக்குத் தரையில் தேவைப்பட்டது ஆறு சதுர அடி. திவான் அடைத்திருந்ததில் மீதி ஒன்பது சதுர அடி காலியானது. அங்கே ஒரு பாய் விரித்தோம். சாய்வு நாற்காலி ஜன்னலுக்குத் திரும்பியது. இம்முறை, "எங்க போடட்டும் அத்தை?" என்று கேட்டேன். முன்பு இருந்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடச் சொன்னார். வெயில் முகத்தில் அடிக்காதாம். இத்தனை ஆண்டுகளாக அதையும் நாங்கள் கேட்டதில்லை.

வகுப்பில் செய்யும் முறை

இந்தச் செயல்பாட்டைப் பின்னர் மாற்றியமைத்தேன். வீட்டை வரையச் சொல்வதில்லை. வகுப்பறையை வரைகிறோம், அதில் வாசிப்பு மூலைக்கு இடம் தேடுகிறோம். எல்லாருக்கும் பொதுவான இடம் என்பதால் யாரும் எதையும் மறைக்க வேண்டியதில்லை. விருப்பமுள்ளவர்கள் மட்டும் வீட்டுக்கும் செய்து பார்க்கலாம். நான்கு பாடவேளைகள் போதும்.

முதல் பாடவேளை: நான்கைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து அறை, கதவு, ஜன்னல், மேசை, இருக்கைகளை இன்ச் டேப்பால் அளக்க வேண்டும். இரண்டு குழுக்கள் ஒரே சுவரை அளக்கட்டும். விடைகள் சிறிது வேறுபடும். ஏன் என்று அவர்களே பேசட்டும்.

இரண்டாம் பாடவேளை: அளவையைக் குழுவே தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கள் வகுப்பறை இருபதடிச் சதுரம், அதாவது ஏறத்தாழ 610 செ.மீ. 1:20 எடுத்த குழுவுக்கு 30.5 செ.மீ. வந்து, தாள் போதவில்லை. 1:40 எடுத்தவர்களுக்கு 15.25 செ.மீ., சரியாக அமைந்தது. அளவையை ஏன் மாற்ற வேண்டும் என்பதை நான் விளக்க வேண்டியதே இல்லாமல் போயிற்று.

மூன்றாம் பாடவேளை: பொருள்களுக்கு அட்டை வெட்டுவது. எதற்கு அட்டை வெட்டுகிறோம், எதைப் பேனாவால் வரைகிறோம் என்று இரண்டு பட்டியல் எழுதச் சொல்கிறேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே, "இது ஏன் அசையாது?" என்ற கேள்விக்கு ஒரு வரி பதில் வேண்டும். ஆசிரியர் மேசையை எல்லாக் குழுக்களும் அசையாப் பொருளாகவே எழுதியிருந்தன. காரணம் எழுதும் இடத்தில், "டீச்சரோடது" என்று ஒரு குழு எழுதியிருந்தது. மேசை இப்போது மூலைக்கு நகர்ந்துவிட்டது.

நான்காம் பாடவேளை: காலை வழிபாட்டுக்குப் பின், உணவு இடைவேளை, கடைசிப் பாடவேளை என மூன்று நேரப் படங்கள். யார் எங்கே இருக்கிறார்கள் என்று புள்ளி வைத்துக் குறிக்க வேண்டும். புள்ளி விழாத இடம்தான் அலமாரிக்கு உரிய இடம். புள்ளி விழும் இடம்தான் வேண்டும் என்றால், அங்கே இருப்பவரிடம் கேட்ட பிறகே நகர்த்த வேண்டும்.

மதிப்பீட்டுக்கு அலமாரிக் கணக்கையே வைத்துக்கொள்ளலாம். பத்துப் புத்தகங்களின் மொத்தத் தடிமனையும் எடையையும் கொண்டு, வகுப்பிலுள்ள புத்தகங்களுக்கு எத்தனை அடுக்கு வேண்டும், ஓர் அடுக்கு எத்தனை கிலோ தாங்க வேண்டும் என்று கண்டறியச் சொல்லலாம். எங்கள் வீட்டு அலமாரியில் ஓர் அடுக்குக்கு 58 புத்தகங்கள், 17 கிலோவுக்கும் சற்று மேல்.

எட்டும் உயரம்

பள்ளியில் பயன்படாமல் கிடந்த ஆறடி இரும்பு ரேக் ஒன்றைத் தலைமை ஆசிரியர் தந்தார். வகுப்பிலேயே உயரம் குறைந்த மாணவியை அதன் அருகில் நிறுத்திக் கையை உயர்த்தச் சொன்னோம். விரல்நுனி 160 செ.மீ. வரை எட்டியது. புத்தகத்தைப் பிடித்து எடுக்க வசதியான உயரம் 130 செ.மீ. தான். அதற்கு மேலுள்ள தட்டுகளில் சார்ட்டுகளும் கணித உபகரணங்களும், கீழே கதைப் புத்தகங்களும் தேன்சிட்டு இதழ்களும் என்று வகுப்பே தீர்மானித்தது. வெற்றுத்தாள் கொடுத்த மாணவன்தான் உயரத்தை அளந்து குறித்தவன். ஸ்டூல் வேண்டும் என்று எழுதிய அவனுக்குத்தான் அந்த யோசனை முதலில் வந்தது.

நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் நம் சீர்காழியில் 1892இல் பிறந்தவர். அவரும் முதலில் கணித ஆசிரியரே. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். அவருடைய ஐந்து விதிகள் 1931இல் நூலாக வெளிவந்தன. நூல்கள் பயன்படுத்தப்படுவதற்கே என்பது முதல் விதி. பூட்டிய பீரோவுக்கும் என் பரணுக்கும் அதுவே தீர்ப்பு. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது நான்காவது. எட்டாத தட்டில் கதைப் புத்தகத்தை வைக்காதே என்று அதை நாங்கள் புரிந்துகொண்டோம். நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்பது ஐந்தாவது. அதனால்தான் எந்த அடுக்கையும் முழுவதும் நிரப்புவதில்லை.

பராமரிப்புக்குச் சில குறிப்புகள். அலமாரியைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வைத்தால் மழைக்காலத்தில் சுவரின் ஈரம் புத்தகத்தில் ஏறாது, கறையான் வந்தாலும் கண்ணில் படும். நேர் வெயில் படும் இடம் வேண்டாம், அட்டை வெளுத்துவிடும். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துத் தூசி தட்டினால் இராமபாணப் பூச்சி தங்காது. எங்கள் வீட்டில் வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து அடுக்குகளின் மூலையில் வைக்கிறோம். உயரமான ரேக்கைச் சுவரோடு திருகாணி போட்டுப் பிணைத்துவிடுங்கள். பிள்ளைகள் ஏறிப் பார்ப்பார்கள்.

ஒன்பது சதுர அடிப் பாயில் இப்போது எங்கள் தெருப் பிள்ளைகள் மாலையில் வந்து உட்காருகிறார்கள். நான் பள்ளியிலிருந்து திரும்புவதற்குள் சிலர் புத்தகத்தை எடுத்துக்கொண்டும் போய்விடுகிறார்கள். யார் என்ன எடுத்தார்கள் என்று எழுத ஒரு நோட்டு வைத்தேன். அது வெறுமையாகவே இருக்கிறது. அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே கணக்கு வைத்திருக்கிறார். "மஞ்ச அட்டை போட்ட பொஸ்தகத்தைக் கோடி வீட்டுப் பையன் எடுத்துட்டுப் போயி எட்டு நாளாச்சு. நாளைக்குக் கேளு" என்கிறார். இதுவரை ஒரு புத்தகமும் தொலையவில்லை.

வகுப்பிலோ வீட்டிலோ நீங்களும் இதைச் செய்யப்போவதானால், இன்ச் டேப்பை எடுப்பதற்கு முன் அந்த இரண்டு பட்டியலையும் எழுதிவிடுங்கள். அசையாது என்று எதை எழுதுகிறோம், அது யாருடையது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அளக்க வேண்டியதில் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.